முதலில் பாக்கெட், அப்புறம் நிரல்: ஃப்ரீரேடியஸில் பங்களிப்பது எப்படி?

கேள்வி இது: "சி மொழி ஓரளவு தெரியும். நான் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பில் வைஃபை உள்நுழைவை ஃப்ரீரேடியஸ்தான் கவனிக்கிறது. அதற்கு நானும் ஏதாவது எழுதிக் கொடுக்க ஆசை. ஆனால் மூல நிரலைத் திறந்தால் எங்கே கைவைப்பது என்றே தெரியவில்லை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மென்பொருள் என்பதால் பயமாகவும் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?"

ஃப்ரீரேடியஸ் என்பது, வலையமைப்புக்குள் வருபவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் நெறிமுறையின் திறமூல சர்வர். அதில் பங்களிக்க மூல நிரலில் தொடங்க வேண்டாம். சர்வரை டீபக் நிலையில் (செய்வதையெல்லாம் திரையில் எழுதிக் காட்டும் நிலை) ஓட விட்டு, அதற்குள் வரும் ஒரு பாக்கெட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படிக்கப் பழகுங்கள். அது கைவந்துவிட்டால், நிரலில் எந்தக் கோப்பைத் திறப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அப்புறம் முதல் பங்களிப்பாக ஒரு டிக்ஷனரி (எண்களுக்குப் பெயர் கொடுக்கும் கோப்பு) திருத்தத்தையோ ஒரு சோதனையையோ அனுப்புங்கள். மாட்யூல் (சர்வரோடு இணைந்து வேலை செய்யும் தனிப் பகுதி) எழுதுவது, மையப் பகுதியைத் தொடுவது எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பயம் இருந்தால் இருக்கட்டும். இந்த வகை நிரலுக்கு அது தேவைதான். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ரேடியஸ் நெறிமுறை 1991இல் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் நிறுவனத்தில் உருவானது. மோடம் வழியாக டயல் செய்து வருபவர்களைச் சரிபார்ப்பதுதான் அன்றைக்கு அதன் வேலை. டயல்-அப் போய்விட்டது, ரேடியஸ் போகவில்லை. நிறுவன வைஃபை, விபிஎன், பிராட்பேண்ட் இணைப்பு, சுவிட்சில் கேபிளைச் செருகினதும் "நீ யார்" என்று கேட்கும் 802.1எக்ஸ், பல்கலைக்கழகங்களுக்கிடையே ஓடும் எடுரோம் என்று எல்லாவற்றின் பின்னாலும் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. ஃப்ரீரேடியஸ் திட்டத்தை 1999இல் ஆலன் டிகாக், மிக்கெல் வான் ஸ்மோரென்பர்க் இருவரும் தொடங்கினார்கள். அன்று முதல் வளர்ந்து வரும் நிரல் இது. அதில் விநோதமாகத் தெரியும் பல வரிகளுக்குப் பின்னால், எங்கோ ஒரு கருவி ஆர்எஃப்சியை (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) மதிக்காமல் பாக்கெட் அனுப்பிய கதை இருக்கும். "இது எதற்கு?" என்று தோன்றும் வரியை நீக்குவதற்கு முன் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் அந்த வரி எப்போது, எந்தக் கமிட்டில் வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். அடிப்படை ஆவணம் 2000இல் வெளியான ஆர்எஃப்சி 2865. யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்ற கணக்கைப் பதிவதற்கு அதே ஆண்டின் 2866. இந்த இரண்டையும் முழுதாகப் படித்துவிடுங்கள், பெரியவை அல்ல. ரேடியஸ் பாக்கெட்டின் தலைப்பகுதி 20 பைட். முதல் பைட் இது என்ன வகை என்று சொல்லும்: 1 என்றால் உள்ளே விடச் சொல்லும் கோரிக்கை, 2 அனுமதி, 3 மறுப்பு. இரண்டாவது பைட் அடையாள எண். அடுத்த இரண்டு பைட் மொத்த நீளம். மீதி 16 பைட் அதென்டிகேட்டர்: உள்ளே விடச் சொல்லும் கோரிக்கையில் அது ஒரு தற்செயல் மதிப்பு, பதிலில் அந்தப் பதிலைச் சரிபார்க்க உதவும் மதிப்பு. அதன் பின்னால் அட்ரிபியூட்டுகள், அதாவது பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற விவரங்கள், வரிசையாக வரும். ஒவ்வொரு அட்ரிபியூட்டிலும் ஒரு பைட் வகை, ஒரு பைட் நீளம், அப்புறம் மதிப்பு. பயனர் பெயருக்கான வகை எண் 1. ஒருவரின் பயனர் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஏ, பி, ஐ என்ற மூன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கம்பியில் இப்படிப் போகும்:

01 05 61 62 69

01 வகை, 05 நீளம், மற்ற மூன்றும் எழுத்துகளின் ஆஸ்கி மதிப்பு. மூன்று எழுத்துக்கு நீளம் ஏன் 5? வகைக்கான பைட்டையும் நீளத்துக்கான பைட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது ஆர்எஃப்சியின் விதி. ஆக, நீளம் 2க்குக் கீழே வரவே கூடாது.

சரி, அனுப்புகிறவர் அந்த விதியை மீறினால்? 05 இருக்கும் இடத்தில் 01 வைத்து அனுப்புகிறார். கவனமில்லாத நிரல் மதிப்பின் நீளத்தைக் கண்டுபிடிக்க 1இலிருந்து 2ஐக் கழிக்கும். விடை எதிர்ம எண். அதைக் குறியில்லாத மாறியில் போட்டால் பிரம்மாண்டமான ஒரு எண்ணாக மாறி, அத்தனை பைட்டை நகலெடுக்கப் போய் சர்வர் விழுந்துவிடும். 00 வைத்து அனுப்பினால் வேறு விதமான சிக்கல்: அடுத்த அட்ரிபியூட்டுக்கு நகர வேண்டிய பாயின்டர் நகரவே நகராது, லூப் முடியாது. ஒரே ஒரு பைட் போதும், ஒரு நிறுவனத்தில் யாருமே வைஃபையில் நுழைய முடியாமல் செய்ய.

இதை அனுப்புகிறவர் யார் என்று யோசித்தால் பயம் ஏன் தேவை என்று புரியும். சர்வருக்குத் தெரிந்த ஐபி முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டைத்தான் அது ஏற்கும் என்பது உண்மை. ஆனால் யூடிபியில் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட முடியும். ஈஏபி (நிறுவன வைஃபையில் பயனரின் கருவி சர்வரோடு உள்நுழைவுப் பேச்சு நடத்தும் முறை) என்றால் நிலைமை இன்னும் மோசம். ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) உண்மையானதுதான், ஆனால் அது எடுத்துவரும் பைட்டுகள் வாசலுக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் உருவானவை. அவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் சர்வரே இருக்கிறது. அதாவது, யாரென்று தெரிவதற்கு முன்பே அவர் கொடுத்த பைட்டுகளை உங்கள் நிரல் படித்தாக வேண்டும். சாதாரண இணையச் செயலியில் உள்நுழைவுக்குப் பின்னால் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் நிரலுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

இது கற்பனை ஆபத்தும் இல்லை. 2017இல் ஃப்ரீரேடியஸின் மீது ஃபஸ்ஸிங் நடத்தப்பட்டது. தாறுமாறான உள்ளீட்டைத் தானாக உருவாக்கி, ஓயாமல் நிரலுக்குள் தள்ளிப் பார்க்கும் சோதனை அது. வைமேக்ஸ் அட்ரிபியூட்டைப் பிரிக்கும் இடத்தில் எல்லை தாண்டி எழுதுவது, துண்டு துண்டாக வரும் அட்ரிபியூட்டை ஒட்டிச் சேர்க்கும் இடத்தில் முடிவில்லாத லூப், டிஎச்சிபி பகுதியில் எல்லை தாண்டிப் படிப்பது என்று பல ஓட்டைகள் சிக்கின. அந்த ஜூலையில் 2.2.10, 3.0.15 பதிப்புகள் திருத்தங்களோடு வந்தன. அனுபவம் உள்ளவர்கள் எழுதி, பல ஆண்டுகள் பலர் பார்த்த நிரல்தான் அது. ஆகவே உங்கள் மாற்றத்தை ஒருவர் ரிவ்யூ செய்யும்போது "வேலை செய்கிறதா?" என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். "இந்த எண் பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் நீங்களே ஒவ்வொரு வரியிடமும் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினியைத் தயார் செய்வது எளிது. ரெப்போவை கிட்ஹப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். டாலாக் (மெமரி நூலகம்), ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) இரண்டின் டெவலப்மென்ட் தொகுப்புகளையும் நிறுவுங்கள். கான்ஃபிகர் செய்யும்போது டெவலப்பர் விருப்பத்தை இயக்கிவிடுங்கள். கம்பைலர் எச்சரிக்கைகளும் உள் சரிபார்ப்புகளும் கூடுதலாகக் கிடைக்கும். அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்துக்கொண்டால் மெமரிப் பிழைகள் நடந்த இடத்திலேயே பிடிபடும். மேக் கட்டளையால் நிரலைக் கட்டி, அப்புறம் மேக் டெஸ்ட் கட்டளையால் சோதனைகளை ஓட்டுங்கள். எதையும் மாற்றாத நிலையிலேயே சோதனைகள் எல்லாம் தேறுகின்றனவா என்று முதலில் பாருங்கள். தேறவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினியில் இருக்கலாம். அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் சர்வரை பெரிய எக்ஸ் கொடியோடு (-X) ஓட்டுங்கள். ஃப்ரீரேடியஸ் பக்கம் யாரிடம் எந்த உதவி கேட்டாலும் முதலில் கேட்பது இந்த டீபக் வெளியீட்டைத்தான். வந்த பாக்கெட்டில் என்ன இருந்தது, எந்த மாட்யூல் எந்த விடையைக் கொடுத்தது, கான்ஃபிக்கின் எந்தப் பிரிவுக்குள் சர்வர் நுழைந்தது என்று எல்லாம் வரிசையாக அதில் வரும். பலர் கடைசியில் இருக்கும் மறுப்பை மட்டும் பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து படித்தால் காரணம் பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே எழுதியிருக்கும்.

இந்த வெளியீட்டை மூல நிரலுக்கான வழிகாட்டியாகவும் பயன்படுத்தலாம். ஒரு உதாரணம் செய்து பாருங்கள். சோதனைக் கோரிக்கை அனுப்பும் ராட்கிளையன்ட் கருவியால் ஒரு கோரிக்கை அனுப்புங்கள், ஆனால் ஷேர்டு சீக்ரெட்டை (சர்வரும் அதோடு பேசும் கருவியும் மட்டும் அறிந்த ரகசியச் சொல்) வேண்டுமென்றே தவறாகக் கொடுங்கள். கோரிக்கையில் மெசேஜ்-அதென்டிகேட்டர் என்ற சரிபார்ப்பு அட்ரிபியூட் இல்லாத வரை, கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள் தெரியும் (இருந்தால் சர்வர் பாக்கெட்டையே தள்ளிவிடும்). கடவுச்சொல்லில் அச்சிட முடியாத எழுத்துகள் இருக்கின்றன, ஷேர்டு சீக்ரெட்டைச் சரிபாருங்கள் என்ற எச்சரிக்கையும் வரும். ஏன் குப்பை? ரேடியஸில் கடவுச்சொல், ஷேர்டு சீக்ரெட்டையும் அதென்டிகேட்டரையும் சேர்த்துக் கணக்கிட்ட எம்டி5 மதிப்போடு (உள்ளீட்டிலிருந்து நிலையான நீளத்தில் கணக்கிடும் சுருக்கம்) எக்ஸ்ஓஆர் செய்து மறைக்கப்படுகிறது. சீக்ரெட் மாறினால் எம்டி5 மாறும், பிரித்தெடுப்பது குப்பையாகத்தான் வரும். இப்போது அந்த எச்சரிக்கை வாக்கியத்தை மூல நிரலில் தேடுங்கள். அது இருக்கும் செயற்கூறை யார் அழைக்கிறார்கள், அவரை யார் அழைக்கிறார்கள் என்று மேலே ஏறிக்கொண்டே போங்கள். பாக்கெட் சாக்கெட்டில் வந்து விழுந்ததிலிருந்து மாட்யூலின் கைக்கு வரும் வரையிலான பாதை முழுவதும் ஒரு மாலையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோப்புறைகளை அகர வரிசையில் திறந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் பங்களிப்புக்கு டிக்ஷனரியைச் சொன்னேன். ஒவ்வொரு உபகரண நிறுவனமும் தனக்கென்று சில அட்ரிபியூட்டுகளை வைத்திருக்கிறது. அவை வகை எண் 26க்குள் அடங்கி வரும். உள்ளே முதலில் அந்த நிறுவனத்துக்கு ஐயானா (இணைய எண்களை ஒதுக்கும் அமைப்பு) கொடுத்த எண், அப்புறம் நிறுவனத்தின் சொந்த அட்ரிபியூட் எண், நீளம், மதிப்பு. எண்ணைப் பெயராக மாற்றுவதுதான் டிக்ஷனரி கோப்பின் வேலை. நிறுவனங்கள் புதிது புதிதாக அட்ரிபியூட் சேர்த்துக்கொண்டே இருப்பதால் அந்தக் கோப்புகளில் எப்போதும் வேலை இருக்கும். உங்கள் வலையமைப்பின் டீபக் வெளியீட்டிலேயே தேடிப் பாருங்கள். பெயர் இல்லாமல் 26ஐ அடுத்து வெறும் எண்களும் பதினறும மதிப்புமாக ஏதாவது வரி கண்ணில் பட்டால், அதற்கு டிக்ஷனரியில் இடம் இல்லை என்று அர்த்தம். அதுவே உங்கள் முதல் பேட்ச் ஆகலாம்.

சுலபமாகத் தெரிந்தாலும் இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. உபகரண நிறுவனத்தின் ஆவணம் "எண்" என்று மட்டும் சொல்லியிருக்கும். அது 4 பைட்டா, 2 பைட்டா, ஒரே பைட்டா என்பதைப் பிடித்துவைத்த பாக்கெட்டில்தான் பார்க்க முடியும். படிக்கக்கூடிய எழுத்தா வெறும் பைட்டுகளா என்பதும் அப்படித்தான். ஆவணம் ஒன்று சொல்ல, கருவி வேறொன்றை அனுப்புவது நடக்காத காரியமில்லை. ஆகவே ஆவணத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள், உண்மையான பாக்கெட்டோடு ஒப்பிட்டுவிட்டு, ஒப்பிட்ட விவரத்தைக் கமிட் செய்தியில் சொல்லுங்கள். இன்னொன்று, இருக்கும் அட்ரிபியூட்டின் பெயரில் எழுத்துப் பிழையே இருந்தாலும் அதை மாற்றக் கை வைக்காதீர்கள். அந்தப் பிழையான பெயரைத்தான் எத்தனையோ பேர் தங்கள் கான்ஃபிக்கிலும் தரவுத்தள அட்டவணையிலும் எழுதி வைத்திருப்பார்கள். பெயரைத் திருத்திய பதிப்பை அவர்கள் நிறுவும் அன்று அவர்களுடைய சர்வர் எழுந்திருக்காது.

அதோடு ஒரு சோதனையும் சேர்த்து அனுப்புங்கள். அட்ரிபியூட்டைச் சோதிக்கும் கோப்புகளின் அமைப்பு மிக எளிமையானது. முதல் வரியில் அட்ரிபியூட்டைப் பெயரும் மதிப்புமாக எழுதி, இதைப் பைட்டாக்கு என்று சொல்வீர்கள். இரண்டாவது வரியில், வர வேண்டிய பைட்டுகள்: நம் உதாரணத்தில் 01 05 61 62 69. மூன்றாவது வரி, அதையே திரும்பப் பிரி என்று சொல்லும். நான்காவது வரி, பழைய பெயரும் மதிப்பும் அப்படியே வர வேண்டும் என்று சொல்லும். அவ்வளவுதான். சி மொழியில் ஒரு வரிகூட எழுதாமல் இப்படிப்பட்ட சோதனையைச் சேர்க்கலாம்.

அதில் தவறான உள்ளீட்டுக்கும் சோதனை எழுதுங்கள். 4 பைட் இருக்க வேண்டிய முழு எண் 3 பைட்டோடு வந்தால் என்ன ஆக வேண்டும்? ஃப்ரீரேடியஸ் அதற்காக முழு பாக்கெட்டையும் தூக்கி எறிவதில்லை. அந்த அட்ரிபியூட்டை மட்டும் பெயர் இல்லாத மூல பைட்டுகளாக வைத்துக்கொண்டு மேலே போகும். இப்படி வர வேண்டும் என்று சோதனையில் எழுதிவைத்தால், பின்னால் ஒருவர் பிரிக்கும் நிரலை மாற்றி எழுதும்போது இந்தப் பழக்கம் மாறிப் போகாமல் அது காவல் காக்கும். என்னைக் கேட்டால், சரியான உள்ளீட்டுக்கான பத்துச் சோதனையைவிட இப்படி ஒன்று மதிப்பு அதிகம்.

எந்தப் பிராஞ்சுக்கு அனுப்புவது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மக்கள் நிறுவிப் பயன்படுத்துவது 3.2 வரிசை. மாஸ்டர் பிராஞ்சில் நடப்பது 4ஆம் பதிப்பின் உருவாக்கம். இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் உள்ளே வெகு தூரம் விலகிவிட்டன. 3இல் ஒரு கோரிக்கையை ஒரு த்ரெட் (சர்வருக்குள் இணையாக ஓடும் வேலையாள்) எடுத்துக்கொண்டால் முடியும் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். 4இல் காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் மாட்யூல் ஒதுங்கி நின்று வேறு கோரிக்கைக்கு வழிவிடும். அதனால் ஒன்றுக்காக எழுதிய மாட்யூல் நிரல் மற்றதில் அப்படியே பொருந்தாது. நீங்கள் பயன்படுத்தும் சர்வரில் கண்ட பக் என்றால் 3.2 பிராஞ்சின் நுனியில் அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்து அங்கே திருத்துங்கள். லினக்ஸ் விநியோகத்தோடு வந்த பழைய பதிப்பில் கண்ட கோளாறு எப்போதோ சரிசெய்யப்பட்டிருக்கலாம்.

இனி மாட்யூல். மூன்றாம் பதிப்பின் மாட்யூலில் கைவைக்கப் போகிறவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியவை டாலாக்கும் த்ரெட்டும். டாலாக் சாம்பா திட்டத்தில் பிறந்த மெமரி நூலகம். அதில் ஒவ்வொரு மெமரித் துண்டுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. பெற்றோரை விடுவித்தால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போய்விடும். ஒரு கோரிக்கைக்காக எடுக்கும் மெமரியை அந்தக் கோரிக்கையின் கீழே தொங்கவிட்டால், கோரிக்கை முடிந்ததும் எல்லாம் தானாகச் சுத்தமாகிவிடும். பிழை நேர்ந்து வெளியேறும் ஒவ்வொரு இடத்திலும் ஃப்ரீ எழுத வேண்டிய தொல்லை இல்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், தவறான பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது. மாட்யூலுக்கென்று சர்வர் தொடங்கும்போதே உருவாகி, மூடும் வரை இருக்கும் இன்ஸ்டன்ஸ் கட்டமைப்பு ஒன்று உண்டு. அது எப்போதும் கையருகே இருப்பதால், கோரிக்கையின் மெமரியை அதன் கீழே போடத் தோன்றும். முதல் விளைவு, ஒவ்வொரு உள்நுழைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மெமரி கசியும். இரண்டாவது விளைவு அதைவிடக் கொடியது. ஒரே டாலாக் மரத்தில் இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் கைவைத்தால் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. மரம் சிதையும், சர்வர் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் போய் விழும். இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் தெரியுமா? பெரிய எக்ஸ் கொடியோடு ஓட்டும்போது சர்வர் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். நீங்கள் சோதித்த வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். உண்மையான பாரம் ஏறும் இடத்தில்தான் உடையும். அதனால் மாட்யூல் மாற்றத்தை அனுப்பும் முன், சின்ன எஃப்பும் இரண்டு சின்ன எக்ஸும் கொடுத்து, லாக்கைத் திரைக்கே திருப்பி, பல த்ரெட்டுகளோடு ஒரு முறை ஓட்டுங்கள். பக்கத்தில் ராட்கிளையன்ட்டால் இணையாகக் கோரிக்கைகளைக் கொட்டிப் பாருங்கள்.

தாமதமும் அதே த்ரெட் விஷயம்தான். மூன்றாம் பதிப்பின் இயல்புக் கான்ஃபிக்கில் அதிகபட்சம் 32 த்ரெட். உங்கள் மாட்யூல் வெளிச் சேவை ஒன்றை அழைத்து, விடைக்கு 2 வினாடி காத்திருக்கிறது என்றால் கணக்கு எளிது: சர்வர் முழுவதுமாக வினாடிக்கு 16 கோரிக்கைக்கு மேல் தாங்காது. விடை வரவில்லை என்று ஆக்சஸ் பாயின்ட்டுகள் மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூடும். எந்த வெளி அழைப்புக்கும் கால வரம்பு வையுங்கள், அதைக் கான்ஃபிக்கில் மாற்ற வழி கொடுங்கள்.

மாட்யூல் திருப்பித் தரும் விடையிலும் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். "பயனர் இல்லை", "பயனர் இருக்கிறார் ஆனால் மறுக்கிறேன்", "என்னால் பார்க்க முடியவில்லை" மூன்றும் மூன்று வேறு விடைகள். முதலாவதற்கு நாட்ஃபவுண்ட், இரண்டாவதற்கு ரிஜெக்ட், மூன்றாவதற்கு ஃபெயில். தரவுத்தளம் விழுந்து கிடக்கும்போது ரிஜெக்ட் என்று சொன்னால் சர்வர் அதை இறுதி முடிவாக எடுத்துக்கொண்டு எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். ஃபெயில் என்று சொல்லியிருந்தால், மாற்று ஏற்பாடாக இரண்டாவது தரவுத்தளத்தைக் கான்ஃபிக்கில் வைத்திருப்பவர்களுக்கு அது தானாகவே அங்கே போயிருக்கும். இந்த ஒற்றைச் சொல்லில்தான் ஒரு வலையமைப்பு நள்ளிரவில் தாக்குப்பிடிப்பதும் படுத்துவிடுவதும் இருக்கிறது.

டைஜெஸ்ட் (எம்டி5 போன்ற சுருக்க) மதிப்புகளை ஒப்பிட சாதாரண மெமரி ஒப்பீட்டைப் பயன்படுத்தாதீர்கள். முதல் வித்தியாசத்திலேயே அது நின்றுவிடுவதால், எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வெளியே இருப்பவர் ஊகிக்க முடியும். முழு நீளத்தையும் ஒப்பிடும் செயற்கூறு திட்டத்திலேயே இருக்கிறது. ஷேர்டு சீக்ரெட்டையும் சாவிகளையும் லாக்கில் எழுதாதீர்கள். புதிதாக ஒரு கான்ஃபிக் விருப்பம் சேர்த்தால், கூடவே வரும் மாதிரிக் கான்ஃபிக் கோப்பில் அதற்கு விளக்கக் குறிப்பு எழுதுங்கள். ஃப்ரீரேடியஸைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் படிக்கும் ஆவணம் அந்தக் குறிப்புகள்தான்.

இயல்பு நடத்தையை மாற்றுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதல் வெளியானது, சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியல்) எண் 2024-3596. ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர், எம்டி5இன் பலவீனத்தைப் பயன்படுத்தி, சர்வர் அனுப்பிய மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம். ஓட்டை ஒரு நிரலில் இருந்தது என்றால் ஒரு திருத்தத்தோடு போயிருக்கும். இது நெறிமுறையிலேயே இருந்தது. மருந்தும் ஏற்கெனவே நெறிமுறையில் இருந்தது: மெசேஜ்-அதென்டிகேட்டர் என்ற அட்ரிபியூட், வகை எண் 80. ஈஏபியில் அது கட்டாயம் என்பதால் ஈஏபி தப்பித்தது. மற்ற முறைகளில் அது விருப்பம் மட்டுமே.

அப்படியானால் எல்லாப் பாக்கெட்டிலும் அதைக் கட்டாயமாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆக்கினால், அதை அனுப்பத் தெரியாத பழைய கருவிகள் எல்லாம் அன்றே நின்றுபோகும். ஃப்ரீரேடியஸ் 3.2.5 பதிப்பில் வந்த தீர்வைப் பாருங்கள். கட்டாயமாக்கலாம், விட்டுவிடலாம், அல்லது தானியங்கியாக வைக்கலாம். தானியங்கியில், அந்தக் கருவியிடமிருந்து வரும் முதல் பாக்கெட்டில் அந்த அட்ரிபியூட் இருந்தால், அதன் பிறகு எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்று சர்வர் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், சர்வர் தன் பதிலில் அந்த அட்ரிபியூட்டை முதலாவதாக வைத்து அனுப்பும். பழையதை உடைக்காமல் பாதுகாப்பை உயர்த்தும் இந்த யோசனையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் பேட்ச் எதையாவது புதிதாகக் கட்டாயமாக்குகிறது என்றால் ரிவ்யூவில் வரும் முதல் கேள்வி, நேற்று வரை ஓடிய கான்ஃபிக் நாளையும் ஓடுமா என்பதுதான்.

கமிட் எழுதும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கமிட்டில் ஒரு மாற்றம். பக் திருத்தத்தோடு இடைவெளிச் சீரமைப்பைக் கலக்காதீர்கள். சுற்றியுள்ள நிரல் எந்த நடையில் இருக்கிறதோ அதே நடை, உள்தள்ளலுக்கு டேப். செய்தியில் என்ன செய்தீர்கள் என்பதைவிட ஏன் செய்தீர்கள் என்பதற்கு இடம் கொடுங்கள், என்ன செய்தீர்கள் என்பது நிரலிலேயே தெரியும். ஸ்டாட்டிக் அனலைசர் கருவி காட்டிய எச்சரிக்கைகளை மொத்தமாக "திருத்தி" அனுப்புவதும் வேண்டாம். அந்த வரிக்கு அப்படிப்பட்ட மதிப்பு உண்மையில் வந்து சேர முடியுமா என்று பார்த்து, வரும் என்று காட்டக்கூடிய ஒன்றை மட்டும் அனுப்புங்கள். பெரிய அம்சம் என்றால், எழுதும் முன்பே ஒரு இஷ்யூவில் நோக்கத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பல வாரம் எழுதியதை "இதை மாட்யூலில் செய்ய வேண்டாம், கான்ஃபிக் மொழியிலேயே செய்யலாம்" என்று திருப்பி அனுப்பினால் இரு தரப்புக்கும் வருத்தம்.

பதில்கள் சுருக்கமாக, சில நேரம் கறாராக வரும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுத்துவிட்டுப் போகும் நிரலை அடுத்த பல ஆண்டுகள் காப்பாற்றப் போகிறவர்கள் அவர்கள். ஒரு வரிக்கு விளக்கம் கேட்டால் விளக்கத்தைப் பதிலில் மட்டும் எழுதாமல் நிரலில் கருத்துரையாகவும் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு வந்த சந்தேகம் அடுத்து படிப்பவருக்கும் வரும்.

கடைசியாக இரண்டு விஷயம். நீங்கள் கண்டது சாதாரண பக் இல்லை, பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் இஷ்யூ திறக்காதீர்கள், பேட்சும் அனுப்பாதீர்கள். பாதுகாப்புப் புகார்களுக்கென்று திட்டத்துக்குத் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ஓட்டையை உண்டாக்கும் பாக்கெட்டை இணைத்து அங்கே அனுப்பிவிட்டு, திருத்திய பதிப்பு வரும் வரை வெளியே பேசாமல் இருங்கள். இரண்டாவது, உரிமம். ஃப்ரீரேடியஸ் சர்வர் ஜிபிஎல் 2ஆம் பதிப்பின் கீழ் இருக்கிறது. வேறு திட்டத்திலிருந்து நிரலை எடுத்துச் சேர்த்தால் அதன் உரிமம் இதோடு ஒத்துப்போக வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்றும் எழுத வேண்டும். வேலை நேரத்தில், நிறுவனத்தின் கணினியில் எழுதியது என்றால் அதன் உரிமை பல இடங்களில் நிறுவனத்துக்கே போகும். நீங்கள் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பின் சிக்கலைத் தீர்க்கப் போய்த்தான் முதல் பேட்ச் பிறக்கப் போகிறது என்பதால், அனுப்புவதற்கு முன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பிடிப்பையோ டீபக் வெளியீட்டையோ இணைப்பதாக இருந்தால், அதிலிருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், கருவிகளின் மேக் முகவரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இணையுங்கள். சோதனைச் சர்வரில் பொய்ப் பெயரை வைத்து அதே கோளாறை மறுபடி வரவழைத்து, அந்த வெளியீட்டை அனுப்பினால் இன்னும் நல்லது.